பழைய காரின் பெட்ரோல் முள் பொய் சொன்னால்: பிழையைத் தேடிப் பிடிக்கும் முறை

பழைய கார் வைத்திருப்பவர்களிடம் பெட்ரோல் முள்ளைப் பற்றிக் கேட்டால், "அது வேலை செய்யாது, ஓடிய தூரத்தைக் கணக்கு வைத்துக்கொண்டு ஓட்டுகிறேன்" என்ற பதிலே பெரும்பாலும் வரும். இந்தச் சமாதானத்தை நான் ஏற்பதில்லை. காரில் உள்ள மின்சுற்றுகளிலேயே மிக எளிமையானவற்றில் இதுவும் ஒன்று. வோல்ட்டையும் மின்தடையையும் அளக்கும் ஒரு மல்டிமீட்டரும், இரு முனையிலும் கிளிப் வைத்த ஒரு துண்டு வயரும், கொஞ்சம் பொறுமையும் இருந்தால் பிழை எங்கே இருக்கிறது என்பதைப் புதியவர்கூடக் கண்டுபிடித்துவிடலாம்.

பலர் எடுத்த எடுப்பில், டேங்குக்குள் பெட்ரோல் மட்டத்தை அளக்கும் டேங்க் யூனிட்டைப் புதிதாக வாங்கி மாட்டிவிடுகிறார்கள். முள் அப்போதும் அசையாவிட்டால், டாஷ்போர்டில் அந்த முள் இருக்கும் கருவியான கேஜை மாற்றுகிறார்கள். கடைசியில் பார்த்தால் துருப்பிடித்த ஓர் எர்த் வயர்தான் காரணமாக இருக்கும். பொருள் வாங்குவதற்கு முன் சுற்றை இரண்டாகப் பிரித்து, பிழை எந்தப் பாதியில் இருக்கிறது என்று பார்த்துவிட வேண்டும். இந்தக் கட்டுரை முழுக்க அந்த ஒரு வேலையைச் சுற்றியே செல்கிறது.

சுற்று எப்படி அமைந்திருக்கிறது

டேங்குக்குள் ஒரு மிதவை இருக்கிறது. அது ஒரு கம்பிக் கையின் நுனியில் பொருத்தப்பட்டிருக்கும். பெட்ரோல் ஏற இறங்கக் கையும் ஏறி இறங்கும். கையின் மறுமுனையில் உள்ள சிறிய தொடுமுனை, மெல்லிய மின்தடைக் கம்பி சுற்றிய ஒரு பட்டையின் மீது உரசி நகரும். பெட்ரோலின் மட்டத்தை, மின்தடையின் அலகான ஓம் கணக்காக மாற்றுவதுதான் இந்த டேங்க் யூனிட்டின் முழு வேலையும்.

மின்சாரம் பேட்டரியிலிருந்து இக்னிஷன் சாவி, ஃபியூஸ், கேஜ், நீண்ட வயர் என்று வந்து டேங்க் யூனிட்டை அடைகிறது. அங்கிருந்து டேங்கின் உடல் வழியாகக் காரின் உடலுக்குப் போய்ப் பேட்டரிக்குத் திரும்புகிறது. இந்தத் திரும்பும் பாதையைத்தான் எர்த் என்கிறோம். இந்த வளையத்தில் எங்கே தடங்கல் வந்தாலும் அது முள்ளில் தெரியும்.

கேஜில் இரண்டு முக்கிய வகைகள் உண்டு. ஒன்று, இரண்டு காந்தச் சுருள்கள் முள்ளை இரு பக்கமும் இழுக்கும் சுருள் வகை. ஜெனரல் மோட்டார்ஸ் கார்களிலும், 1950களின் பிரிட்டிஷ் கார்கள் பலவற்றிலும் இதுதான் இருக்கும். மற்றொன்று, சூடானால் வளையும் இரட்டை உலோகப் பட்டை முள்ளைத் தள்ளும் வெப்ப வகை. 1956க்குப் பிந்தைய ஃபோர்டு கார்கள், 1960களின் நடுப்பகுதிக்குப் பிந்தைய பெரும்பாலான பிரிட்டிஷ் கார்கள் இந்த வகை. உங்கள் கார் எந்த வகை என்று தெரியவில்லையா? இக்னிஷனைப் போட்டுப் பாருங்கள். முள் சட்டென்று துள்ளி எழுந்தால் அது சுருள் வகை. பல வினாடிகள் எடுத்துக்கொண்டு நிதானமாக ஏறினால் வெப்ப வகை.

வெப்ப வகைக் கேஜோடு டாஷ்போர்டுக்குப் பின்னால் ஒரு சின்ன வோல்டேஜ் ஸ்டெபிலைசரும் இருக்கும். பேட்டரி வோல்டேஜ் ஏறி இறங்கினாலும் கேஜுக்குச் சீரான அளவு போக வேண்டும் என்பதற்காக வைத்தது அது. ஸ்மித்ஸ் நிறுவனத்தின் கேஜ்கள் உள்ள பிரிட்டிஷ் கார்களில் சராசரியாக 10 வோல்ட்டும் ஃபோர்டில் சராசரியாக 5 வோல்ட்டும் அதிலிருந்து வெளிவரும்.

ஓம் அளவுகளும் ஒன்றுபோல் இருப்பதில்லை. ஜெனரல் மோட்டார்ஸ் கார்களில் 1964 வரை டேங்க் காலியாக இருந்தால் 0 ஓம், முழுதாக இருந்தால் 30 ஓம். 1965 முதல் அது 0 முதல் 90 ஓம் வரை. ஃபோர்டின் வெப்ப வகையில் திசையே தலைகீழ்: காலிக்கு ஏறத்தாழ 73, முழுவுக்கு 10. தனியாக வாங்கிப் பொருத்தும் கேஜ்களில் 240 முதல் 33 வரை என்ற அளவும் பரவலாக உண்டு. உங்கள் காரின் பணிமனைக் கையேட்டில் என்ன எண் இருக்கிறதோ அதையே இறுதியாகக் கொள்ளுங்கள். யாரோ எப்போதோ வேறு காரின் யூனிட்டைப் பொருத்திவிட்டுப் போயிருந்தால் முள் தலைகீழாகக் காட்டும். அல்லது பாதியிலேயே நின்றுவிடும். அப்போது கேஜ், யூனிட் இரண்டில் எதுவும் பழுதாகியிருக்காது. ஜோடிதான் பொருந்தவில்லை.

டேங்க் முனையில் தொடங்குங்கள்

முதலில் ஃபியூஸைப் பாருங்கள். கண்ணால் பார்த்தால் மட்டும் போதாது. கழற்றி, இரு முனையையும் அது உட்காரும் கிளிப்பையும் துடைத்துவிட்டு மாட்டுங்கள். பழைய கார்களில் கம்பி அறுபடாத ஃபியூஸ்கூட முனையில் படிந்த பச்சைக் களிம்பால் மின்சாரத்தை விடாது.

அடுத்து டேங்க் யூனிட்டுக்குப் போகும் வயரைத் தேடுங்கள். சில கார்களில் டிக்கியின் தரையில் உள்ள மூடியைத் திறந்தால் கிடைக்கும்; சிலவற்றில் அடியில் படுத்துத்தான் பார்க்க வேண்டும். ஜாக்கை மட்டும் நம்பிக் காருக்கு அடியில் போகாதீர்கள். நிலைத்தாங்கிகளை வைத்த பிறகே போங்கள். யூனிட்டில் இரண்டு வயர்கள் இருந்தால் ஒன்று எர்த்தாகவோ, பெட்ரோல் குறைவதை அறிவிக்கும் எச்சரிக்கை விளக்குக்கானதாகவோ இருக்கலாம். எது எதற்கு என்பதைக் கையேட்டின் மின்சுற்று வரைபடத்தில் உறுதிசெய்துகொள்ளுங்கள். பெட்ரோல் கசிவோ கடுமையான வாடையோ இருந்தால் மின் சோதனை எதையும் செய்ய வேண்டாம். முதலில் கசிவைச் சரிசெய்யுங்கள்.

இக்னிஷனை அணைத்துவிட்டு வயரைக் கழற்றுங்கள். அதன் நுனி எதிலும் படாமல் தொங்கட்டும். இப்போது இக்னிஷனைப் போட்டு முள்ளைப் பாருங்கள். சுருள் வகையில் முள் முழுவுக்கோ அதைத் தாண்டியோ போக வேண்டும். வெப்ப வகையில் காலியில் கிடக்க வேண்டும்.

மறுபடியும் இக்னிஷனை அணையுங்கள். துண்டு வயரின் ஒரு கிளிப்பைக் கழற்றிய வயரின் நுனியிலும், மறு கிளிப்பைக் காரின் உடலில் நன்றாகச் சுரண்டிய ஓரிடத்திலும் மாட்டுங்கள். மாட்டி முடித்த பிறகே சாவியைத் திருப்ப வேண்டும். டேங்குக்குப் பக்கத்தில் ஒரு பொறிகூடப் பறக்கக் கூடாது என்பதற்காகவே இந்த வரிசை. சுருள் வகையில் முள் காலிக்கு இறங்க வேண்டும். வெப்ப வகையில் முழுவை நோக்கி ஏற வேண்டும். அது முழுவைத் தொட்ட கணமே சாவியை அணைத்துவிடுங்கள். அதற்கு மேல் விட்டுவைத்தால் உள்ளே இருக்கும் வெப்பச் சுருள் கெட்டுவிடும். துணைக்கு ஒருவர் முள்ளைப் பார்த்துக் குரல் கொடுத்தால் வேலை சுலபம்.

இரண்டு சோதனையிலும் முள் சரியாக நடந்துகொண்டால் ஃபியூஸ், கேஜ், நீண்ட வயர் எல்லாம் உயிரோடு இருக்கின்றன. பிழை டேங்க் யூனிட்டில் இருக்கிறது, அல்லது அதன் எர்த்தில். முள் அசையவே இல்லையென்றால் பிழை டேங்குக்கு முன்னால் எங்கோ இருக்கிறது. டேங்கைத் தொட வேண்டிய அவசியமே இல்லை. ஐந்து நிமிட வேலை, பாதிக் காரை விசாரணையிலிருந்து விடுவித்துவிடுகிறது.

முள் இரு முனைக்கும் போனாலும் நடுவில் சரியாக நிற்குமா என்பது தனிக் கேள்வி. அதற்குச் சில மின்தடைகளை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். 5 வாட் தாங்குபவை போதும். 90 ஓம் வகைக் காரில், கழற்றிய வயருக்கும் எர்த்துக்கும் நடுவே ஏறத்தாழ 45 ஓம் வைத்தால் முள் பாதியை ஒட்டி நிற்க வேண்டும். முழுவுக்கும் காலிக்கும் உரிய ஓம்களையும் இதேபோல் வைத்துப் பாருங்கள். இந்த மூன்று புள்ளிகளிலும் கேஜ் உண்மை சொன்னால் அதன் மீதுள்ள சந்தேகத்தை விட்டுவிடலாம்.

எர்த்: அதிகம் ஏமாற்றும் இடம்

இங்கே கொஞ்சம் நிதானியுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். நல்ல நிலையில் இருக்கும் டேங்க் யூனிட்கள் குப்பைக்குப் போவது இந்த ஓர் இடத்தைக் கவனிக்காததால்தான்.

பல கார்களில் டேங்குக்கு எர்த் தருவது அதைப் பிடித்திருக்கும் இரும்புப் பட்டைகளும் போல்ட்டுகளும்தான். டேங்குக்கும் உடலுக்கும் நடுவே ரப்பர் பட்டை, அதன் மேல் பல ஆண்டுத் துரு, அதற்கும் மேல் அண்மையில் அடித்த பெயிண்ட் என்று எல்லாம் சேர்ந்து பாதையை அடைத்துவிடும். மறுசீரமைப்பு முடிந்து பளபளவென்று வெளியே வரும் கார்களில் பெட்ரோல் முள் மட்டும் வேலை செய்யாமல் போவதற்குப் பெரும்பாலும் அந்தப் புதுப் பெயிண்ட்தான் காரணம்.

எர்த் முழுவதும் அறுந்துபோனால் கண்டுபிடிப்பது எளிது. அரைகுறையாக இருந்தால்தான் சிக்கல். 90 ஓம் வகையில் பாதி டேங்குக்கு 45 ஓம் வர வேண்டும். துருவால் 20 ஓம் கூடினால் கேஜுக்குத் தெரிவது 65. முள் முக்கால் டேங்குக்கு அருகே போய் நிற்கும். இல்லாத பெட்ரோல் இருப்பதாகக் காட்டுவதால் இது ஆபத்தான பொய். வெப்ப வகையில் இதே துரு எதிர்த்திசையில் வேலை செய்யும். டேங்கை நிரப்பினாலும் முள் முழுவைத் தொடாது.

சோதிக்க, இக்னிஷனை அணைத்துவிட்டு மல்டிமீட்டரை ஓம் அளவில் வையுங்கள். இரு முனைகளையும் ஒன்றோடொன்று தொடவைத்து, வரும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அது மீட்டர் வயரின் சொந்தத் தடை. பிறகு ஒரு முனையை யூனிட்டின் உலோக விளிம்பிலும் மற்றொன்றைக் காரின் சுத்தமான உடலிலும் வையுங்கள். சொந்தத் தடையைக் கழித்த பிறகு ஒரு ஓமுக்கும் கீழே வர வேண்டும். அதற்கு மேல் இருந்தால் யூனிட்டின் விளிம்பிலிருந்து காரின் உடலுக்குத் தனியாக ஒரு வயரை இழுத்துப் பாருங்கள். இங்கும் கிளிப்பை மாட்டிய பிறகே சாவி. முள் உடனே ஒழுங்காகிவிட்டால் அதையே நிலையான இணைப்பாக்கி, முனைகளில் துருவைத் தடுக்கும் கிரீஸைப் பூசிவிடுங்கள். வேலை அதோடு முடிந்தது.

இன்னொரு அறிகுறியும் உண்டு. பிரேக்கை மிதிக்கும்போதோ இண்டிகேட்டர் மின்னும்போதோ பெட்ரோல் முள் கூடவே ஆடினால், பின்பக்க விளக்குகளும் டேங்கும் பகிரும் எர்த் பலவீனமாக இருக்கிறது என்று கொள்ளலாம்.

டாஷ்போர்டு பக்கம்

டேங்க் முனைச் சோதனையில் முள் அசையவில்லை என்றால் அதே சோதனையைக் கேஜின் பின்புறம் செய்யுங்கள். டேங்குக்குப் போகும் வயரைக் கேஜிலிருந்து கழற்றி, அந்த முனையை எர்த்தில் இணைத்துப் பாருங்கள். இங்கே முள் அசைந்தால் நடுவில் வயர் அறுந்திருக்கிறது. கதவோரக் கம்பளத்துக்கு அடியிலும், உடலின் ஓட்டைகளுக்குள் வயர் நுழையும் இடங்களிலும் தேடுங்கள். கிடைக்காவிட்டால் கவலை வேண்டாம். புது வயர் ஒன்றை முன்னிருந்து பின்னுக்கு இழுத்துவிடலாம்.

இங்கேயும் அசையாவிட்டால் கேஜுக்கு மின்சாரம் வருகிறதா என்று வோல்ட் அளவில் பாருங்கள். சுருள் வகையில் பேட்டரியின் வோல்டேஜ் அப்படியே வர வேண்டும். கேஜின் உடலுக்கும் நல்ல எர்த் வேண்டும். பிளாஸ்டிக் அல்லது பெயிண்ட் அடித்த பலகையில் உட்காரும் கேஜ்கள் இந்த எர்த்தை எளிதில் இழக்கும். வெப்ப வகையில் ஸ்டெபிலைசரின் வெளிமுனையைச் சோதிக்க வேண்டும். பழைய ஸ்டெபிலைசர் உள்ளே இருக்கும் பட்டை சூடாகி விலகி, ஆறி ஒட்டி, மின்சாரத்தை விட்டுவிட்டுத்தான் அனுப்பும். அதனால் டிஜிட்டல் மீட்டரில் எண்கள் நிலையில்லாமல் துள்ளும். அது கோளாறு அல்ல. முள் உள்ள பழைய வகை மீட்டரோ சிறிய சோதனை விளக்கோ இருந்தால் அந்தத் துடிப்பு தெளிவாகத் தெரியும். துடிப்பே இல்லாமல் முழு 12 வோல்ட்டும் நின்றால் ஸ்டெபிலைசர் ஒட்டிக்கொண்டுவிட்டது, அல்லது அதன் உடலுக்கு எர்த் இல்லை.

இதற்கு மீட்டர் இல்லாமலே ஒரு குறிப்பு கிடைக்கும். இந்தக் கார்கள் பலவற்றில் எஞ்சின் வெப்ப கேஜும் அதே ஸ்டெபிலைசரில்தான் ஓடும். இரண்டு முள்ளும் சேர்ந்து அதிகமாகக் காட்டினாலும், இரண்டும் சேர்ந்து செத்துக் கிடந்தாலும் முதல் சந்தேகம் ஸ்டெபிலைசர் மீதுதான். பெட்ரோல் முள் மட்டும் தவறினால் ஸ்டெபிலைசரை விட்டுவிட்டு மற்றதைப் பாருங்கள்.

ஓர் எச்சரிக்கையை எப்போதும் நினைவில் வையுங்கள். வெப்ப வகைக் கேஜுக்குப் பேட்டரியிலிருந்து நேரடியாக 12 வோல்ட் கொடுத்துச் "சோதிக்க" வேண்டாம்; எரிந்துபோகும். டேங்க் யூனிட்டின் முனைக்கும் நேரடி மின்சாரம் கூடாது. அதன் கம்பி எரிவது மட்டுமல்ல, அது இருப்பது பெட்ரோல் டேங்குக்குள்.

யூனிட்டை வெளியே எடுப்பது

எல்லாச் சோதனைகளும் யூனிட்டையே கைகாட்டினால் மட்டும் இந்தக் கட்டத்துக்கு வாருங்கள். பெட்ரோல் உறைபனிக் குளிரிலும் ஆவியாகித் தீப்பிடிக்கக்கூடியது. அந்த ஆவி காற்றைவிடக் கனமானது; தரையோடு தவழ்ந்து தொலைவில் உள்ள நெருப்பைக்கூடத் தேடிப்போகும். காற்றில் ஏறத்தாழ 1.4 முதல் 7.6 விழுக்காடு வரை அது கலந்திருந்தால் ஒரு பொறி போதும். ஆகவே காற்றோட்டமான திறந்த இடத்தில் மட்டுமே வேலை செய்யுங்கள். பேட்டரியின் எர்த் வயரை முன்பே கழற்றிவிடுங்கள். பெட்ரோல் தீக்கு ஏற்ற உலர்தூள் தீயணைப்பான் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். சூடாகும் பல்பு வைத்த கைவிளக்கும், அருகில் எரியும் அடுப்பும் ஹீட்டரும் ஆகாது. எடுத்த பெட்ரோலைப் பெட்ரோலுக்கென்றே செய்த மூடியுள்ள கலனில் ஊற்றுங்கள்.

யூனிட் டேங்கின் பக்கவாட்டில் இருந்தால் மட்டம் அதற்குக் கீழே போகும்வரை பெட்ரோலை இறக்க வேண்டும். சுற்றிலும் படிந்த மண்ணைத் துடைத்துவிட்டுத் திறவுங்கள். இல்லையென்றால் அது முழுவதும் டேங்குக்குள் விழும். யூனிட்டைப் பிடித்திருக்கும் பூட்டு வளையம் இருந்தால் பித்தளைத் துண்டை வைத்துத் தட்டித் திருப்புங்கள். இரும்பு இரும்பில் மோதினால் பொறி வரும். யூனிட் எந்தக் கோணத்தில் உட்கார்ந்திருக்கிறது என்பதைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். மிதவைக் கை வளையாதபடி சாய்த்து மெதுவாக உருவி எடுத்து, திறப்பை உடனே மூடிவையுங்கள்.

மேசை மீது

டேங்கிலிருந்து தள்ளிக் கொண்டுபோய், பெட்ரோல் முழுக்க உலர்ந்த பிறகு மல்டிமீட்டரின் ஒரு முனையை யூனிட்டின் மின்முனையிலும் மற்றதை விளிம்பிலும் வையுங்கள். மிதவைக் கையைக் கீழிருந்து மேலாக மெல்ல நகர்த்துங்கள். எண் படிப்படியாக, இடைவெளியில்லாமல் மாற வேண்டும். நடுவில் ஓரிடத்தில் தொடர்பு அறுந்து மறுபடியும் வந்தால் அங்கே கம்பி தேய்ந்திருக்கிறது. எப்போதும் பாதி டேங்கில் ஓடிய காரில் பெரும்பாலும் அந்த நடுப்பகுதிதான் தேயும். வெறும் அழுக்கும் பெட்ரோல் பிசினும் என்றால் மின்தொடர்புகளைச் சுத்தம் செய்யும் திரவத்தைத் தெளித்து, மென்மையான பிரஷால் துடைத்தாலே உயிர் வந்துவிடும். உப்புத்தாள் வேண்டாம், அந்தக் கம்பி அதைத் தாங்காது. கம்பியே அறுந்திருந்தால் புது யூனிட் வாங்குவதுதான் நியாயம்.

ஓம் சரியாக இருந்தும் முள் எப்போதும் காலியில் கிடந்திருந்தால் மிதவையைப் பாருங்கள். பித்தளை மிதவையைக் காதருகே குலுக்கினால் உள்ளே பெட்ரோல் ஆடும் ஓசை கேட்கலாம். சந்தேகம் இருந்தால் அதைக் கழற்றிச் சூடான நீரில் அமிழ்த்துங்கள். உள்ளே உள்ள காற்று விரிந்து, ஓட்டை இருக்கும் இடத்தில் குமிழியாக வெளிவரும். இதற்கு வெந்நீரை வெளியில் கொண்டுபோய்ப் பயன்படுத்துங்கள். அடுப்பருகே செய்ய வேண்டாம். ஈயம் வைத்து அடைக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். உள்ளே ஒரு துளி பெட்ரோல் மிஞ்சியிருந்தாலும் சூடுபடும்போது வெடிக்கும். புது மிதவை தனியாகக் கிடைக்கும்போது அந்த ஆபத்தை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

மிகப் பழைய கார்களில் அரக்குப் பூச்சு கொண்ட தக்கை மிதவை இருக்கும். எத்தனால் கலந்த இன்றைய பெட்ரோல் அந்த அரக்கைக் கரைத்துவிடும். தக்கை ஊறிக் கனத்து மூழ்கும். கரைந்த அரக்கு எரிபொருள் குழாய்களை அடைக்கும். அப்படி ஒன்று இருந்தால் இப்போது வேலை செய்தாலும் மாற்றிவிடுங்கள்.

புது யூனிட்டையும் நம்பி மாட்டிவிடாதீர்கள். பழையதையும் புதியதையும் பக்கத்தில் வைத்து, கையின் நீளம், வளைவு, இரு எல்லைகளிலும் வரும் ஓம் எல்லாவற்றையும் ஒப்பிடுங்கள். கை தாழ்ந்த நிலையில் மிதவை டேங்கின் அடியைத் தட்டக் கூடாது. உயர்ந்த நிலையில் கூரையையும் தட்டக் கூடாது. தேவையானால் கம்பியை இரண்டு குறடுகளால் பிடித்து வளைக்கலாம். தொடுமுனை இருக்கும் அச்சின் மீது அந்த அழுத்தம் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

திரும்ப மாட்டிய பின்

யூனிட்டுக்கும் டேங்குக்கும் நடுவே கசிவைத் தடுக்கும் கேஸ்கெட் புதிதாகவே இருக்க வேண்டும். பெட்ரோலைத் தாங்கும் வகையாகவும் இருக்க வேண்டும். சாதாரண சிலிகான் பசை பெட்ரோலில் ஊறிப் பிய்ந்துவிடும். திருகுகளின் துளைகள் பல யூனிட்களில் வேண்டுமென்றே சீரற்ற இடைவெளியில் இருக்கும்; ஒரே ஒரு நிலையில்தான் எல்லாம் பொருந்தும். பொருந்தவில்லை என்றால் பலத்தைக் காட்டாமல் யூனிட்டைச் சுழற்றிப் பாருங்கள். திருகுகளை எதிரெதிராக, சிறிது சிறிதாக இறுக்குங்கள்.

பிறகு முள்ளின் குணத்தைப் பழகிக்கொள்ள வேண்டும். டேங்கின் வடிவம் சீரானதல்ல; எனவே முள்ளின் பாதி எப்போதும் பெட்ரோலின் பாதியாக இருக்காது. காலி டேங்கில் ஐந்து ஐந்து லிட்டராக அளந்து ஊற்றி, ஒவ்வொரு முறையும் இக்னிஷனை அணைத்து ஊற்றுவதும், மூடியை இட்ட பிறகு சாவியைப் போட்டுப் பார்ப்பதுமாக, முள் நிற்கும் இடத்தை ஓர் அட்டையில் எழுதுங்கள். கார் சமதரையில் நிற்கட்டும். வெப்ப வகை என்றால் முள் ஏறி முடிய அரை நிமிடம் கொடுங்கள். முள் காலியைத் தொடும்போது டேங்கில் இன்னும் சில லிட்டர் மீதம் இருக்குமாறு கை வளைக்கப்பட்டிருப்பது நல்லது. ஒன்றுமே மீதம் இல்லையென்றால் யூனிட்டை மீண்டும் எடுத்து, காலி இன்னும் சற்று முன்னதாகவே தெரியும்படி கையைத் திருத்திவிடுங்கள்.

கடைசியாக டேங்கை முழுக்க நிரப்பி, காரைத் திறந்த வெளியில் ஓர் இரவு நிறுத்துங்கள். காலையில் யூனிட்டின் விளிம்பைச் சுற்றி உலர்ந்த வெள்ளைத் தாளை ஒற்றிப் பாருங்கள். ஈரமோ வாடையோ இருந்தால், மட்டத்தை இறக்கி, கேஸ்கெட்டை மாற்றும்வரை காரை ஓட்ட வேண்டாம்.